பெண்களுக்கான பயண விருதுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கேட்டிருப்பவர் பயோமெடிக்கல் எஞ்சினியரிங்கில் பி.எச்.டி. மூன்றாம் ஆண்டு. எலும்பு முறிவு எப்படி ஆறுகிறது என்பது ஆய்வு. அமெரிக்காவில் நடக்கும் எலும்பியல் ஆய்வு மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், அனுப்பப் போகிறார். ஆய்வுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கென்றே சில பயண விருதுகள் இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. "விண்ணப்பிக்கலாமா? பொம்பளை என்பதால் கொடுத்தார்கள் என்று பேச மாட்டார்களா? கைடு, 'பொதுவான விருதுக்கே போடும்மா, இது எதற்கு' என்கிறார். போடுவதென்றால் என்ன எழுதுவது? கிடைத்தால் சி.வி-யில் எப்படிப் போடுவது?"

போடுங்கள். விதி இடம் கொடுத்தால் பொது விருதுக்கும் போடுங்கள், இதற்கும் போடுங்கள். உங்கள் கைடு சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

நான் யார் என்று ஒரு வரி: எலும்பின் வலிமையை அளக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன், அதில் பெரும்பகுதி அமெரிக்காவில். இப்படி ஒரு விருதுக்கு இரண்டு முறை விண்ணப்பித்துக் கிடைக்காமல் மூன்றாம் முறை வாங்கினேன். அப்புறம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். கீழே வருவது இரண்டு பக்கமும் பார்த்ததில் தேறியது.

முதலில் "பெண் என்பதால்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அதற்கு ரூத் ஜாக்சன் கதை தெரிந்திருக்க வேண்டும். 1902-இல் அயோவாவில் பிறந்தவர், டெக்சஸ் மாநிலத்தில் டாலஸில் எலும்பியல் மருத்துவராக இருந்தவர். 1933-இல் அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர்களின் அகாடமி தொடங்கியபோது, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஆண்களுக்கு உறுப்பினராகச் சேர அழைப்பு போனது. இவரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அழைப்பு வரவில்லை. சரி, தேர்வு எழுதியே உள்ளே போகிறேன் என்று எலும்பியல் மருத்துவர்களுக்குச் சான்றிதழ் தரும் போர்டு தேர்வை எழுதி 1937-இல் தேறினார். அமெரிக்காவில் அந்தச் சான்றிதழ் வாங்கிய முதல் பெண் அவர்தான், அகாடமியின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். ஆண்களுக்குத் தபாலில் வந்தது, இவருக்குப் பரீட்சை எழுதித்தான் கிடைத்தது. யாருக்கு எது "ஆண் என்பதால்" கிடைத்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அவர் பெயரில் பெண் எலும்பியல் மருத்துவர்களுக்கான சங்கம் 1983-இல் தொடங்கியது. அவர் 1994 வரை இருந்தார், அதைக் கண்ணால் பார்த்தார். இன்றைக்கும் பயிற்சி மருத்துவர்களை ஆண்டு மாநாட்டுக்கு அனுப்பும் உதவித்தொகை, வேறு ஊர் மருத்துவமனைகளுக்குப் போய்க் கற்றுவரும் பயண ஃபெலோஷிப் என்று அந்தச் சங்கம் செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று பெண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதுதான்.

ஏன் பயணம்? சம்பளம் கொடுக்கலாம், கருவி வாங்கிக் கொடுக்கலாமே? இதற்கும் பழைய காரணம் உண்டு. எலும்பியல் என்பது ஆரம்பத்திலிருந்தே போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் துறை. ஒருவர் எலும்பை எப்படிப் பிடிக்கிறார், எந்தக் கோணத்தில் அறுக்கிறார் என்பதைக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கனடாவைச் சேர்ந்த ஆர்.ஐ. ஹாரிஸ் என்ற மருத்துவர் இதை ஓர் ஏற்பாடாகவே ஆக்கினார். 1948-இல் தொடங்கி, வட அமெரிக்காவின் இளம் எலும்பியல் மருத்துவர்கள் பிரிட்டனுக்கும் பிரிட்டனின் இளம் மருத்துவர்கள் வட அமெரிக்காவுக்கும் போய் ஊர் ஊராக மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றின் பெயரிலும் அந்தப் பயண ஃபெலோஷிப் இன்றுவரை நடக்கிறது. அதில் போய் வந்தவர்கள் பலர் பின்னாளில் துறைத் தலைவர்களாகவும் சங்கத் தலைவர்களாகவும் ஆனார்கள். நான்கைந்து வாரம் ஒரே வண்டியில் போய், ஒரே மேசையில் சாப்பிட்டால் வேறென்ன ஆகும்? முப்பது வருடம் கழித்து யாரைப் பேச அழைப்பது, யாரைக் குழுவில் போடுவது என்று வரும்போது அந்த முகங்கள்தான் நினைவுக்கு வரும்.

அதாவது, பயணத்துக்குப் பணம் கொடுத்து ஆளை உருவாக்குவது இந்தத் துறையில் ஆண்களுக்காக ஆரம்பித்த பழக்கம். பெண்களுக்கான விருது அதைக் கொஞ்சம் தாமதமாகக் காப்பி அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 2019-இல் மருத்துவ மாணவர்களில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். அதே சமயத்தில், வேலையில் இருக்கும் எலும்பியல் அறுவை மருத்துவர்களில் பெண்கள் ஏறக்குறைய 6 சதவீதம். அறுவைத் துறைகளிலேயே கடைசி இடம். சுத்தியலும் ரம்பமும் பிடிக்க ஆண்தான் வேண்டும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதை உடைப்பதற்கென்றே 2009-இல் ஓர் எஞ்சினியரும் ஓர் அறுவை மருத்துவரும், ஜென்னி பக்லியும் லிசா லட்டான்சாவும், பெர்ரி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளி மாணவிகளின் கையில் பவர் டிரில்லைக் கொடுத்து, செயற்கை எலும்பில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வைக்கிறார்கள். டிரில் பிடித்த பிறகு அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெர்ரி என்பது ஜாக்குலின் பெர்ரியின் பெயர். மனிதர் நடக்கும்போது எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டிய மருத்துவர் அவர்.

ஆய்வுப் பக்கம் நிலைமை இவ்வளவு மோசமில்லை. மாநாட்டில் அவரவர் ஆய்வைப் போஸ்டராக மாட்டி விளக்கும் கூடத்தில் நின்று பார்த்தால் பெண்கள் நிறையத் தெரிவார்கள், உயிரியல், கெமிஸ்ட்ரி, எஞ்சினியரிங் எல்லாம் கலந்து வருவதால். ஓ.ஆர்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் எலும்பியல் ஆய்வுச் சங்கம் 1954-இல் தொடங்கியது. அதன் முதல் பெண் தலைவர் அடீல் பாஸ்கி, நியூயார்க்கில் எலும்பின் கனிமத்தை ஆராய்ந்த வேதியியலாளர், 2017-இல் காலமானார். கூடத்தில் நிற்கும் கூட்டம் மேடைக்கு ஏறும்போதுதான் மெலிகிறது. பி.எச்.டி. முடிந்து சொந்த லேப் தொடங்குவதற்குள் இருக்கும் அந்த ஐந்தாறு வருடத்தில் ஆட்கள் உதிர்கிறார்கள். கல்யாணம், குழந்தை, விசா, கணவருக்கு வேறு ஊரில் வேலை, எல்லாம் ஒன்றாக வந்து விழும் வருடங்களும் அவைதான். விருதுகள் அந்த வருடங்களைக் குறிவைப்பது இதனால்தான்.

"தகுதி இருந்தால் பொதுப் போட்டியிலேயே கிடைத்துவிடுமே" என்று கைடு சொல்வார். எல்லோரும் சொல்வார்கள். சுவீடனில் கிறிஸ்டீன் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்நாட்டு மருத்துவ ஆய்வுக் கவுன்சில், பி.எச்.டி. முடித்தவர்களுக்குக் கொடுக்கும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு ஒரு வருடம் 114 பேர் விண்ணப்பித்தார்கள், அதில் 52 பேர் பெண்கள். கிடைத்தது 20 பேருக்கு. அந்த 20-இல் பெண்கள் 4 பேர். மதிப்பெண் தாள்களைக் காட்ட மாட்டோம் என்று கவுன்சில் மறுத்தது. அங்கே அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்ற சட்டம் இருந்ததால் நீதிமன்றம் வரை போய் வாங்கினார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கை, எந்த இதழில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணை வாங்க ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. 1997-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. இது பாலின சமத்துவத்துக்குப் பேர்போன சுவீடனில்.

இன்று எல்லா இடத்திலும் அப்படியே இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "பொதுப் போட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் தராசு நேராகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் நெருக்கமானது. எலும்பு ஆண்-பெண் வித்தியாசம் பார்க்கும் உறுப்பு. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எலும்புத் தேய்வினால் முறிவு வருகிறது. மூட்டுவாதமும் பெண்களுக்குத்தான் அதிகம். சரி, ஆய்வில் என்ன செய்கிறோம்? எலும்புத் தேய்வுக்கு எங்கள் பிழைப்பே பெண் எலிதான். சினைப்பையை எடுத்துவிட்டால் சில வாரங்களில் எலும்பு சல்லடையாகிவிடும். ஆனால் முழங்கால் மூட்டுவாதத்துக்கு வாருங்கள். சுண்டெலியின் முழங்காலில் உள்பக்கச் சவ்வைப் பிடித்திருக்கும் இழையை வெட்டிவிட்டு மூட்டு தேய்வதைப் பார்க்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் ஆண் எலிக்குத்தான் தேய்மானம் நன்றாக வருகிறது, பெண் எலிக்குக் குறைவு. அதனால் காலங்காலமாக ஆண் எலியை வைத்தே செய்தோம். மனிதரில் பெண்களை அதிகம் படுத்தும் நோயை ஆண் எலியில் படித்துக்கொண்டிருந்தோம்! 2016-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், பணம் வேண்டுமென்றால் இரண்டு பாலினத்தையும் கணக்கில் எடு, இல்லையென்றால் ஏன் என்று காரணம் சொல் என்று விதி போட்ட பிறகுதான் பலர் ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் தனித்தனிக் கூண்டு வைத்தார்கள்.

மருத்துவமனைக்கு வந்தாலும் இதே கதை. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் இடுப்பு மூட்டு ஒன்றை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதில் தொடை எலும்பின் தலைக்கு மேல் உறைபோல மாட்டும் வகையில், பந்து சின்ன அளவாக இருந்தால் பழுது அதிகம். சின்ன பந்து யாருக்கு வைப்பார்கள்? பெண்களுக்குத்தான். "அளவைப் பிரித்துப் பார்த்தீர்களா" என்று ஆரம்பத்திலேயே கேட்க, அதை வடிவமைத்த அறையில் இன்னும் நாலு பெண்கள் இருந்திருக்கலாம்.

இப்போது உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

இந்த உலகத்தில் பயண உதவி மூன்று வழிகளில் வரும். ஒன்று, அப்ஸ்ட்ராக்டே விண்ணப்பமாக இருப்பது. அமெரிக்க எலும்பு, கனிம ஆய்வுச் சங்கத்தின் இளம் ஆய்வாளர் பயண நிதி இந்த வகை. அப்ஸ்ட்ராக்டுக்கு நடுவர்கள் போடும் மதிப்பெண்ணில் மேலே இருப்பவர்களுக்குப் போகும். அனுப்பும்போது தகுதிப் பெட்டியில் டிக் அடிக்க மறந்துவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு டிக்தான், பார்த்து அடியுங்கள். இரண்டு, தனி விண்ணப்பம், தனிக் கடிதம் கேட்பவை. பெண்களுக்கான விருதுகள் பெரும்பாலும் இந்த வகை. மூன்று, சங்கத்துக்குள் இருக்கும் சிறு பிரிவுகள். நீங்கள் எலும்பு முறிவு ஆறுவதைப் பற்றி ஆராய்வதால் ஓ.ஆர்.எஸ்-க்குள் இருக்கும் முறிவு ஆய்வுக்கான சர்வதேசப் பிரிவை முதலில் பாருங்கள். தசைநார், முதுகெலும்பு, சவ்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவுகளில் கூட்டம் குறைவு, அதனால் போட்டியும் குறைவு.

இந்தியாவிலிருந்தே பணம் கேட்கவும் வழி இருக்கிறது. முன்பு செர்ப் (அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம்) என்று இருந்து 2024-இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் போன அமைப்பின் சர்வதேசப் பயண உதவித் திட்டம் ஒன்று, இந்திய மருத்துவ ஆய்வுக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கொடுப்பது ஒன்று. இவை பெண்களுக்கென்று தனியானவை அல்ல. சங்கத்தின் விருது கைக்கு வருகிறதோ இல்லையோ, இங்கேயும் போட்டு வையுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். விமானக் கட்டணம் ஒன்றில், தங்குமிடமும் பதிவுக் கட்டணமும் மற்றொன்றில் என்று பிரித்துக் காட்டினால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

கைடு சொன்னதில் பாதி சரி என்றேனே, அது இதுதான். சில சங்கங்களில் ஒருவர் ஒரு வருடத்தில் ஒரு விருதுக்குத்தான் போட்டியிட முடியும். ஓ.ஆர்.எஸ். மாநாட்டில் புதிய ஆய்வாளர் அங்கீகார விருது என்று ஒன்று உண்டு. அதன் இறுதிச் சுற்றுக்கு வந்தாலே மேடையில் பேசலாம், துறையே பார்க்கும். உங்கள் வேலை முழுமையாக முடிந்து, முடிவுகள் பலமாக இருக்கும் வருடத்தில் அதை விட்டுவிட்டுப் பயண விருதுக்குப் போவது நஷ்டம். வேலை பாதியில் இருக்கும் வருடத்தில் பயண விருதுதான் சரியான இடம். மூன்றாம் ஆண்டு என்றால் நீங்கள் பாதியில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது என்று கைடிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார்.

என்ன எழுதுவது? பெரும்பாலான விண்ணப்பங்கள் இப்படித்தான் தொடங்கும்: "சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு. இந்த மாநாட்டில் கலந்துகொள்வது என் அறிவை விரிவாக்கி, உலகத்தரம் வாய்ந்த அறிஞர்களைச் சந்திக்கும் அரிய வாய்ப்பாக அமையும்." ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இது முப்பத்தேழாவது முறை. கண் அடுத்த பத்திக்குப் போய்விடும். நானே போயிருக்கிறேன்.

எனக்கு நினைவில் நின்ற ஒரு விண்ணப்பம் வேறு மாதிரி இருந்தது. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: "எலியின் தொடை எலும்பு முறிவில் 14-ஆம் நாள் கேலஸில் (முறிந்த இடத்தைச் சுற்றி வளரும் புதுத் திசு) கனிமம் குறைவாக இருக்கிறது என்று மைக்ரோ-சி.டி. ஸ்கேன் காட்டுகிறது. ஆனால் 28-ஆம் நாள் முறுக்கிப் பார்த்தால் வலிமையில் வித்தியாசமே இல்லை. இடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் பார்த்திருக்கக்கூடிய லேப்கள் மூன்று. மூன்றும் இந்த மாநாட்டுக்கு வருகின்றன. எங்கள் லேபில் முறுக்கும் கருவி இல்லை, 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரியில் கடன் வாங்கிச் செய்கிறேன்." இவ்வளவுதான். ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தப் பெண்ணை அனுப்பினால் அந்த மூன்று லேபின் ஆட்களையும் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் திரும்புவாள் என்று படித்ததும் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரியாததைச் சொல்ல அவள் கூச்சப்படவில்லை, அதுதான் மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது.

அதே கடிதத்தில் வறுமையை நீட்டி முழக்க வேண்டாம். "கருவி இல்லை, 200 கிலோமீட்டர்" என்ற ஒரு வரி போதும், மீதியைப் படிப்பவர் புரிந்துகொள்வார். பெண் என்பதால் பட்ட கஷ்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. கேள்வியில் கேட்டிருந்தால் சொல்லுங்கள். அப்போதும் நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள் என்பதில் போய் நில்லுங்கள்.

அப்ஸ்ட்ராக்டில் ஒரு இடத்தில் மட்டும் அதிக நேரம் செலவழியுங்கள். ஓ.ஆர்.எஸ். வடிவத்தில் கடைசியில் ஆய்வின் முக்கியத்துவம், மருத்துவத்துக்கு அதனால் என்ன பயன் என்று ஒன்றிரண்டு வரி கேட்பார்கள். எல்லோரும் களைத்துப்போய் "இது எதிர்கால சிகிச்சைகளுக்கு உதவும்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவார்கள். உங்கள் துறை அல்லாத நடுவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

பரிந்துரைக் கடிதம். இதில்தான் நம் ஊர்ப் பெண்கள் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் செங்கா என்ற இருவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து 2003-இல் எழுதினார்கள். பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் நீளம் குறைவு. பெண்ணைப் பற்றி "கடின உழைப்பாளி, பொறுப்பானவர்" என்று வரும் இடத்தில் ஆணைப் பற்றி அவருடைய ஆய்வும் திறமையும் வருகின்றன. உழைப்பாளி என்றால் நம் ஊரில் பாராட்டு. பேராசிரியர் மனதாரத்தான் எழுதுவார். "மிகவும் அடக்கமான பெண், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பார்." படிக்கும் குழுவுக்கு இது, சொன்னதைத்தான் செய்வார், தானாக எதுவும் யோசிக்க மாட்டார் என்று விழும்.

அதனால் கடிதம் கேட்கும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் நாலு வரி: நான் யோசித்துத் தொடங்கிய பரிசோதனை எது, நான் கண்டுபிடித்துச் சரி செய்த தவறு எது, லேபில் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் என்னுடைய முறை எது. "சார், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று எழுதி வந்தேன்" என்று கொடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் நன்றி சொல்வார்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள்.

அடுத்தது பணம். விருது என்றதும் காசோலை கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பல விருதுகளில் நீங்கள் முதலில் செலவு செய்ய வேண்டும், போய் வந்து பில் அனுப்பிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்த விருதின் பணம் மாநாடு முடிந்து நாலரை மாதம் கழித்து வந்தது. அதுவரை டிக்கெட்டும் ஓட்டலும் கிரெடிட் கார்டில் வட்டி குட்டி போட்டுக்கொண்டிருந்தன. விருதில் மிஞ்சியது எவ்வளவு, வட்டியில் போனது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் வயிறு எரியும். எனவே விருது அறிவித்த அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: முன்பணம் உண்டா, பதிவுக் கட்டணத்தையாவது நேராகக் கழித்துக்கொள்ள முடியுமா, இந்திய வங்கிக் கணக்குக்கு அனுப்புவீர்களா, வரி பிடிப்பீர்களா. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்ட பிறகு சில சங்கங்கள் ஓட்டல் அறையை அவர்களே போட்டுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அப்ஸ்ட்ராக்ட் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வரும்வரை காத்திருக்காமல் பாஸ்போர்ட், படிவம் எல்லாவற்றையும் தயாராக வைத்திருங்கள். கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். விருதுக் கடிதத்தையும் நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள், யார் செலவில் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

குழந்தை இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். விருதுத் தொகையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் காட்டலாமா என்று. 2018-இல் அமெரிக்காவில் அறிவியலாளர்களாக இருக்கும் அம்மாக்கள் ஒன்றுசேர்ந்து, மாநாடுகள் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதற்குப் பிறகு சில சங்கங்கள் காது கொடுத்திருக்கின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும் நம் பழக்கம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனாலும் கேளுங்கள்.

கிடைத்துவிட்டது, போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கான நிகழ்ச்சியைக் காலை ஆறரை மணிக்கு வைப்பார்கள், ஏனென்று இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கவில்லை. தூக்கம் கலையாவிட்டாலும் போங்கள். நான் போன முதல் தடவை ஒரு வட்ட மேசையில், யாரென்றே தெரியாத ஒரு வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டார். எலும்பை வளைத்து உடைக்கிறேன் என்றேன். "உடைக்கும்போது ஈரமாக வைத்திருக்கிறாயா?" என்றார். உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றித்தான் ஃப்ரீசரில் வைக்கிறோம் என்றேன். "அது சரி, கருவியில் மாட்டிய பிறகு?" என்றார். மாட்டி, அளவெடுத்து, கேமரா சரி செய்து முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் எலும்பு காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த எலும்பு விறைப்பாகும், சட்டென்று ஒடியும். எங்கள் எண்கள் ஏன் மற்ற லேப்களோடு ஒத்துப்போகவில்லை என்று எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். பதில் ஆறே முக்காலுக்கு, ஆறிப்போன ஆம்லெட்டுக்கு எதிரில் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும் குழாய் ஒன்றை வாங்கிக் கருவிக்கு மேல் தொங்கவிட்டோம், எலும்பின் மேல் சொட்டுச் சொட்டாக உப்புநீர்.

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். தாளில் அடித்து நீளக் குழாயில் போட்டுக்கொண்டு இரண்டு விமானம் மாறுவது தொல்லை, குழாயை மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. துணி என்றால் புடவை மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் போஸ்டருக்கு முன்னால் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றே ஆக வேண்டும், மற்ற நேரத்தில் நீங்கள் பார்க்க நினைத்த லேப்களின் போஸ்டர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் உங்களைத் தேடி வர மாட்டார்கள்.

சி.வி-யில் எப்படிப் போடுவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். விருதின் முழுப்பெயர், சங்கம், வருடம். பெயரில் "பெண்" இருந்தால் அதை வெட்ட வேண்டாம். நான் முதல் இரண்டு வருடம் வெட்டித்தான் போட்டிருந்தேன். வேலைக்கான நேர்காணல் ஒன்றில், குழுவில் இருந்தவர் விருதின் சரியான பெயரைத் தானே சொல்லி, "அந்த வருடம் நான்தான் நடுவர்" என்றார். காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முழுப்பெயரையும் சேர்த்தேன்.

அந்த முதல் துணிப் போஸ்டர் இன்னும் இருக்கிறது. எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்புக்கு உறையாகப் போட்டிருக்கிறோம், தூசி பட வேண்டாமே என்று.